இறால் ஓடும் தில்லிக் குழுவும்

1997 செப்டம்பர் 8, திங்கள்

இன்றும் கிழிந்தது. கண்ணாடித் தட்டிலிருந்து உரிக்கும்போதே ஓரத்தில் விரிசல் விட்டு, ஸ்ரீரங்கன் கையில் பாதியும் தட்டில் பாதியுமாக நின்றது படலம். ஜூலையிலிருந்து இது பதினோராவது தடவை. நோட்டில் தேதி போட்டு 'கிழிந்தது' என்று எழுதினான். பாவம், என்னிடம் ஆராய்ச்சி மாணவனாக வந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வார்த்தையை எழுதி எழுதி அவன் கையெழுத்தே அழகாகிவிட்டது.

போன வருஷம் இதே படலத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து எல்லோருக்கும் காட்டினேன். கிழியவில்லை. செய்முறையில் ஒரு மாற்றமும் இல்லை. இறால் ஓட்டைக் கழுவி, ஆசிட்டில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் ஒரு வெள்ளைப் பொடி. அதைக் கரைத்து ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடித் தாள் மாதிரி படலம். தீக்காயத்தின்மேல் ஒட்டிவிட்டால், கீழே தோல் வளரும்வரை அதுதான் தோல். ஏற்றுமதிக்காரர்கள் குப்பையில் கொட்டுகிற ஓட்டிலிருந்து ஒரு மருந்து. முயல்களுக்குப் போட்டோம், ஆறியது. இனி மனிதர்களுக்கு. அதற்குத் தில்லி பணம் கொடுக்க வேண்டும். நவம்பர் 12 அன்று அங்கிருந்து ஒரு குழு நேரில் பார்க்க லேபுக்கே வருகிறது.

ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையில் என்ன எழுதினேன்? 'எந்தக் கடற்கரையின் இறால் ஓட்டிலிருந்தும், யார் செய்தாலும், இதே தரத்தில் வரும்.' யார் செய்தாலும்! அதை எழுதும்போதே ஐந்து தடவை கிழிந்திருந்தது. சரியாகிவிடும் என்று நினைத்தேன். நினைத்ததை நடந்ததாக எழுதிவிட்டேன். இருபது வருஷம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் நான் சிவப்பு மையால் சுழித்த தப்பு அதுதான்.

செப்டம்பர் 9

பன்னிரண்டு.

செப்டம்பர் 17, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் வெள்ளைத்துரையைப் பார்த்தேன். தீக்காய வார்டு அவர் பொறுப்பில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மெதுவாகத்தான் பேசுவார். "எப்போ மேடம் தருவீங்க?" என்று கேட்டார். ஜனவரி என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

அப்போது மணி பத்து. கட்டு மாற்றும் நேரம் என்று எனக்குத் தெரியாது. ஸ்டவ் வெடித்தவர்கள், சேலையில் தீப்பிடித்தவர்கள், பாதிக்கு மேல் பெண்கள். காஸ் துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். தண்ணீர் விட்டு நனைத்துப் பிரித்தாலும் புதிதாக வந்த தோலும் சேர்ந்து வரும். தினமும். நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். காதைப் பொத்திக்கொள்ள வெட்கமாக இருந்தது, பொத்தாமல் நிற்கவும் முடியவில்லை.

"தீப்பிடிச்சது ஒரு தடவ மேடம். அதுக்கப்புறம் நாங்க தினம் ஒரு தடவ எரிக்கிறோம்" என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

படலம் போட்டால் பத்து நாள் பிரிக்க வேண்டாம். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. அதைத்தான் தட்டிலிருந்து முழுசாக உரிக்க முடியவில்லை.

செப்டம்பர் 24

ஆசிட் புது பாட்டில் வாங்கினோம். காஸ்டிக் வேறு கம்பெனி. தண்ணீரைச் சோதித்தோம். தெர்மாமீட்டரைக்கூடச் சந்தேகப்பட்டு இன்னொரு துறையிலிருந்து கடன் வாங்கினோம். ஒன்றும் இல்லை.

மாறியது ஓடு மட்டும்தான். ராயபுரத்துக் கம்பெனி மே மாதம் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. இப்போது காசிமேட்டிலிருந்து வருகிறது. ஸ்ரீரங்கன் நோட்டில் முதல் நாளே குறித்திருக்கிறான்: 'நிறம் சாம்பல். முன்பு ரோஸ். வேறு இனமோ?' விலங்கியல் துறையில் கேட்டோம். ஓட்டை உற்றுப் பார்த்துவிட்டு, அதே இனம்தான் என்றார்கள். வேறென்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

துறைத் தலைவர் சுப்பராமன் கூப்பிட்டார். எல்லாம் தெரிந்திருக்கிறது அவருக்கு. மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். போகும்போது துறைக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும்.

"போன வருஷப் படலம் மிச்சம் இருக்கோல்லியோ?"

ஆறு இருக்கிறது சார் என்றேன்.

"அதைக் காமி. இழுத்துக் காமி. அதுவும் நீ பண்ணதுதானே? பொய் இல்லையே? தில்லிக்காரா ரெண்டு மணி நேரம் இருப்பா, சாப்பிடுவா, மகாபலிபுரம் போவா. பணம் வந்தப்புறம் நிதானமா கண்டுபிடி, ஏன் கிழியறதுன்னு."

வெளியே வரும்போது மனசு லேசாகியிருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

கொலு ஐந்தாம் நாள். காலை ஒரு குளியல், லேபிலிருந்து வந்ததும் ஒன்று, விளக்கேற்றுமுன் ஒன்று. விரலில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்து நகக்கண் எரிகிறது. ஜூலையிலிருந்து ஓட்டில் நாற்றம் வேறு கூடிவிட்டது. மேல்மாடிக் கணிதத் துறையிலிருந்து இரண்டு புகார்க் கடிதம் வந்தாயிற்று.

என் மாமியாருக்கு நான் 'காயத்துக்கு மருந்து' செய்கிறேன் என்பது மட்டும் தெரியும். எதிலிருந்து என்று ஐந்து வருஷமாகச் சொல்லவில்லை. இன்று சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தபோது மூக்கைச் சுருக்கினார். "ஆத்துல ஏதோ ஒரு நாத்தம் சுத்திண்டே இருக்கே. கபாலி கோவில் குளம் வத்திப்போச்சோ?"

இவர் சட்டென்று, "ஆமாம்மா, குளம்தான்" என்றார். நல்ல புருஷன். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு, சிரித்துக்கொண்டே எத்தனை பேரிடம் எத்தனை மறைக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டில் ஒன்று. டாக்டரிடம் ஒன்று. தில்லிக்கு ஒன்று.

அக்டோபர் 14, செவ்வாய்

பத்தொன்பது.

ஸ்ரீரங்கனின் ஃபெலோஷிப் டிசம்பரோடு முடிகிறது. அடுத்த கட்டப் பணம் கிடைத்தால்தான் தொடரும். தி.நகரில் 'கோபால்' என்கிற கம்ப்யூட்டர் பாஷைக்கு வகுப்பு நடக்கிறதாம். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் குழம்புமாம், அதைச் சரி செய்ய ஆள் எடுத்து அமெரிக்கா அனுப்புகிறார்களாம். "அப்பா விண்ணப்பம் வாங்கிண்டு வந்துட்டார் மேடம்" என்றான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், ஏதோ திருடிவிட்ட மாதிரி.

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அக்டோபர் 26, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

சாயங்காலம் இவர் வலுக்கட்டாயமாக பெசன்ட் நகர் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார், உன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று. வறுத்த மீன் விற்கும் தள்ளுவண்டிகள் பக்கம் நாங்கள் போவதில்லை. இன்று கூட்டம் தள்ளிக்கொண்டு போய் ஒரு வண்டி முன்னால் நிறுத்திவிட்டது. ஒரு அம்மாள், ஐம்பது வயசிருக்கும், ஈயக் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டாள். ஓட்டோடு. சாம்பல் நிறம்.

அது சிவந்தது.

என் கண்ணெதிரே, முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அத்தனையும் செக்கச் சிவப்பாக —

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். அந்தம்மாள், "இன்னாமா அப்டி பாக்குற? ஒரு ப்ளேட்டு தரட்டா?" என்றாள்.

"இது... ஏன் கலர் மாறுது?"

"எறாம்மா. பச்சையில இப்டித்தான் கீது. வெந்தா செவக்கும். வென்னில போட்டாலும் செவக்கும். இது கூடவா தெரியாது?" பக்கத்து வண்டிக்காரரைப் பார்த்து, "நைனா, இங்க பாரு, எறா வெந்தா செவக்கும்னு இதுக்குத் தெரியாதாம்" என்றாள். சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர்தான் பயந்துபோய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ராயபுரத்துக் கம்பெனி வேகவைத்து உரித்திருக்கிறது! ரோஸ் நிறம் என்றால் வெந்தது. வெந்ததால் கெடவில்லை. காசிமேட்டு ஓடு பச்சை. வெயிலில் சைக்கிளில் அடையாறு லேபுக்கு வந்து சேர்வதற்குள் அழுகி, நார் நாராக அறுந்து, அதைக் கொண்டுபோய் நான் ஆசிட்டில் போட்டு — அந்த நாற்றம்! மூன்று மாதமாக மூக்குக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தது!

நான் முதன்முதலில் இறால் ஓட்டைத் தொட்டது முப்பத்தொன்பதாவது வயதில். அது ரோஸாக இருந்தது. இறால் என்றால் ரோஸ் என்று நினைத்துக்கொண்டேன். படித்த கட்டுரைகளில் படங்கள் இருந்தன, எல்லாம் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். ஸ்ரீரங்கன் ஸ்ரீரங்கத்துக்காரன், அவன் எங்கே கண்டான். உயிர்வேதியியல் டாக்டர் பட்டம் ஒன்று, பட்டத்துக்குப் படிப்பவன் ஒன்று, இரண்டு சைவப் பூனைகள் சேர்ந்து நாலு வருஷமாக இறால் ஆராய்ச்சி.

அக்டோபர் 27, திங்கள்

லேப் அட்டெண்டர் அக்பர் பாஷாதான் மூட்டையை வாங்கி உள்ளே வைப்பவர். கேட்டேன்: "பாய், இந்த ஓடு பச்சையா, வெந்ததா?"

"பாத்தாலே தெரியுமே மேடம். இது பச்சை. போன வருசம் வந்தது வெந்தது."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. இந்த வருசம் வேற மாரி பண்றீங்க போலன்னு நெனச்சேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். இவரிடம் ஐந்து வருஷத்தில் 'மூட்டை வந்துதா?', 'கதவைப் பூட்டியாச்சா?' தவிர நான் வேறெதுவும் கேட்டதில்லை. கோபம் வந்தது. அவர்மேல் வரவேண்டிய கோபம் இல்லை என்று தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

நவம்பர் 12க்குப் பதினாறு நாள்.

அக்டோபர் 29, புதன்

விடிகாலை காசிமேடு. பாய் ஒரு பெரிய பிரியாணி டபரா கொண்டு வந்தார், ஸ்ரீரங்கன் பம்ப் ஸ்டவ். படகு வந்து ஓடு உரித்த கையோடு, அங்கேயே தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டோம். சிவந்தது. ஸ்ரீரங்கன் கர்சீப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு நேரம் குறித்தான். பத்து நிமிஷம். ஒரு மீன்காரம்மாள், "ஓட்ட மட்டும் வேக வச்சு இன்னா கொழம்பு வெப்பீங்கோ?" என்று கேட்டாள்.

அக்டோபர் 30

தீபாவளி. கங்கா ஸ்நானம், லேகியம், புதுப் புடவை. எட்டு மணிக்கு லேபில் ஆசிட்டை வடிகட்டினேன்.

நவம்பர் 5, புதன்

உரிந்தது. முழுசாக. இழுத்தோம். கிழியவில்லை. ஸ்ரீரங்கன் நோட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி நின்றான்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. நாளைக்குக் குழு.

நல்ல படலம் மூன்று கையில் இருக்கிறது. சுப்பராமன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கடற்கரை உட்பட. சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்துடுத்து. புதுசும் இருக்கு, பழசும் இருக்கு. நடுவுல கிழிஞ்ச கதையை எதுக்கு எடுக்கணும்? இறால் வெந்தா சிவக்கும்னு தெரியாத லேபுக்கு எவன் பணம் தருவான் ஜலஜா?"

நியாயம்தானே? இப்போது சரியாகிவிட்டது. யாருக்கு நஷ்டம்? 'எந்த ஓட்டிலிருந்தும்' என்ற அந்த ஒரு வரி. அதை யார் படித்தார்கள்?

ஆனால் யாராவது படித்துவிட்டு, பச்சை ஓட்டில் செய்து, அது ஒரு மனுஷி கையில் ஆறாம் நாள் பிரிந்து போனால்? சீழ் வைத்தால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். புண்ணில் மறைக்க முடியாது.

சொன்னால் பணம் போகும். ஸ்ரீரங்கன் போவான். வார்டு அப்படியே இருக்கும். சொல்லாவிட்டால் அந்த வரி அப்படியே நிற்கும். இவர் எழுந்து வந்து, தூங்கேன், நாளைக்கு வாய் தானாகப் பேசும் என்கிறார். அதைத்தான் நான் நம்பவில்லை.

நவம்பர் 12, புதன்

சொல்லிவிட்டேன்.

ஐந்து பேர். முதலில் படலத்தை இழுத்துக் காட்டினேன், தலையாட்டினார்கள். சுப்பராமன் சார் காப்பி கொண்டு வரச் சொல்லிக் கண்ணால் எனக்கு முற்றுப்புள்ளி வைத்தார். நான் ஸ்ரீரங்கனின் நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தேன். "ஆகஸ்ட் அறிக்கையில் ஒரு வரி தவறு. அதை எழுதும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது" என்று ஆரம்பித்தேன். இருபத்தொரு தோல்வி, தேதி வாரியாக. பிறகு கடற்கரை.

கல்கத்தாக்காரர் ஒருவர், அதுவரை அரைத் தூக்கத்தில் இருந்தவர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அம்மா, எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும் இது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. "சந்தேகம் இருந்தது. ஆனாலும் எழுதினீர்கள்" என்றார், கேள்வி மாதிரி இல்லாமல்.

"ஆமாம்."

"நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது."

"தெரிந்திருக்காது."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன என்று தலைகீழாகப் படிக்க முயன்றேன், முடியவில்லை. மகாபலிபுரம் போனார்கள். சுப்பராமன் சார் என்னிடம் பேசாமல் அறைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 31

கடிதம் இல்லை. ஸ்ரீரங்கனுக்கு இன்றோடு கடைசி.

1998 ஜனவரி 30, வெள்ளி

ஸ்ரீரங்கன் ஒரு மாதம் சம்பளமில்லாமல் வந்தான். திங்கட்கிழமையிலிருந்து கோபால் வகுப்பு. தன் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, எண் போட்டு வைத்துவிட்டுப் போனான். பிஎச்.டி.யை எழுதிக் கொடுத்துவிடு என்றேன், சரி மேடம் என்றான். எழுதமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். போனபிறகு தட்டுகளையெல்லாம் நானே கழுவினேன். அழுதேன். பாய் வாசலில் நின்று, உள்ளே வராமல் போய்விட்டார்.

மார்ச் 31

சுப்பராமன் சாருக்குப் பிரிவு உபசாரம். எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான்னா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். திட்டினாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

வந்துவிட்டது. மூன்று வருஷம் கேட்டேன், ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதில் பாதிகூட இல்லை. நிபந்தனைகள்: ஓட்டைப் படகுத்துறையிலேயே வேகவைக்க வேண்டும். பன்னிரண்டு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் படலம், மறு கையில் வழக்கமான காஸ் துணி. பத்து நாள் ஒப்பிட வேண்டும். பன்னிரண்டும் முழுமையாக இருந்தால்தான் அடுத்த வருஷம் பற்றிப் பேச்சு. என் வார்த்தையை மட்டும் வைத்து இனி எதுவும் ஏற்கமாட்டார்கள். நானே சம்பாதித்துக்கொண்டது.

ஸ்ரீரங்கன் வீட்டுக்கு போன் செய்தேன். அவன் அப்பா எடுத்தார். விசா வந்துவிட்டதாம். சந்தோஷம் என்றேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 19

முதல் நோயாளி. பத்து நாள் முழுசாக ஆயிற்று. படலம் தானாகவே உதிர்ந்தது. கீழே ரோஸ் தோல். டாக்டர் வெள்ளைத்துரை அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆளுக்கு இன்று ஒட்டினோம்.

ஜூலை 7, செவ்வாய்

மூன்றாவது ஆள். பேச்சியம்மாள், இருபத்தாறு வயது, டீக்கடை ஸ்டவ் வெடித்து இரண்டு கையும், முழங்கை வரைக்கும். வலது கைக்குப் படலம், இடதுக்குத் துணி. எல்லாம் விளக்கிச் சொல்லித்தான் கைநாட்டு வாங்கினோம். கட்டைவிரல் மட்டும் வேகாமல் இருந்தது. "எது நல்லதோ அதப் பண்ணுங்கக்கா" என்றாள். எது நல்லது என்று பார்க்கத்தான் இது என்றேன். புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

ஜூலை 10, வெள்ளி

பத்து மணிக்கு வார்டில் இருந்தேன். அவளுக்கு இடது கைக் கட்டு மாற்றும் நேரம்.

நர்ஸ் தண்ணீர் விட்டு நனைக்க ஆரம்பித்தபோது அவள் கத்தவில்லை. மூன்று நாள் கத்தித் தொண்டை போயிருந்தது. வலது கையை, படலம் போட்ட கையை, என் பக்கம் நீட்டினாள். அது வலிக்கவில்லை, அதை நீட்ட முடிந்தது. "அக்கா, இது எரியவேயில்ல. ராத்திரி இந்தக் கைய மேல வச்சுத்தான் தூங்குறேன். இந்தக் கைக்கும் இதையே போட்ருங்கக்கா." அப்புறம், கெஞ்சலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்: "இந்தக் கை என்ன பாவம் பண்ணுச்சு?"

கையில் கட்டம் போட்ட தாள் இருந்தது. வலது: நான்காம் நாள், வீக்கம் இல்லை, கசிவு இல்லை. இடது: நான்காம் நாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவான ஒரு முடிவை நான் பார்த்ததில்லை. இன்னும் ஆறு நாள் பொறுத்தால் முழுசாகிவிடும். பன்னிரண்டில் மூன்று.

டாக்டரைப் பார்த்தேன். "இது உங்க சோதனை மேடம். நீங்க சொல்லுங்க" என்றார்.

ஒரு மாதமாக ஒவ்வொரு தாளையும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தில்லியில் கேட்பார்கள். கேட்கட்டும். பையில் நாலாவது ஆளுக்கென்று வைத்திருந்த படலம் இருந்தது. எடுத்து டாக்டர் கையில் கொடுத்தேன்.

தாளின் கீழே எழுதினேன்: மூன்றாம் நபர், நான்காம் நாளில் சோதனையிலிருந்து நீக்கம். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மருத்துவக் காரணம், நிர்வாகக் காரணம் என்று எதையாவது எழுதினால் கேள்வி குறையும்.

'நோயாளி கேட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.